சாவுக் கணக்கைப் படமாக வரைந்த சீமாட்டி

கைவிளக்கேந்திய காரிகை என்று சொன்னால் போதும், பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயர் நம்மில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும். பாடப் புத்தகத்தில் பார்த்த படமும் கூடவே வரும். இருட்டிய ஆஸ்பத்திரிக் கூடம், வரிசையாகப் படுத்திருக்கும் சிப்பாய்கள், நடுவே கையில் விளக்குடன் ஒரு மெலிந்த பெண்மணி. மே 12-ந் தேதி அவர் பிறந்த நாள். உலகெங்கும் நர்ஸுகள் தினமாகக் கொண்டாடப்படுவதும் அந்த நாள்தான்.

அந்த விளக்கை அவர் பிடித்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவான காலமே. ஊர் திரும்பிய பிறகு பல பத்தாண்டுகள் அவர் கையில் இருந்தது பேனாவும் கணக்குத் தாளும். எந்தச் சிப்பாய் எதனால் செத்தான், எத்தனை பேரில் எத்தனை பேர் செத்தார்கள், அதில் தடுத்திருக்கக்கூடிய சாவு எவ்வளவு என்று கணக்கெடுத்து, அதை வர்ணப் படமாக வரைந்து, மகாராணி முதல் மந்திரிகள் வரை பார்க்கும்படி செய்தவர் அவர். பாடப் புத்தகம் அதைச் சொல்லாமல் விட்டது ஒரு குறைதான்.

பணக்கார வீட்டுப் பெண்

1820 மே 12-ந் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர் பெயரே பிள்ளைக்குப் பெயரானது. அவருடைய அக்கா நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதை அவருக்கு வைத்திருந்தார்கள். தகப்பனார் வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் பெரும் சொத்துக்காரர். இங்கிலாந்தில் டெர்பிஷயரில் ஒரு மாளிகை, ஹாம்ப்ஷயரில் எம்ப்ளி என்ற இடத்தில் இன்னொரு மாளிகை. ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று வாழ்ந்த குடும்பம்.

ஒரு விஷயத்தில் அந்தத் தகப்பனாரைப் பாராட்ட வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பியானோவும் பூத்தையலும் போதும் என்று நினைத்த காலத்தில், தாமே உட்கார்ந்து மகள்களுக்கு லத்தீன், கிரேக்கம், சரித்திரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இளைய மகளுக்குக் கணக்கின் மேல் ஆசை. கணக்கு வாத்தியார் வைக்க வேண்டும் என்று பெண் கேட்க, பெண்ணுக்கு எதற்குக் கணக்கு என்று தாயார் மறுக்க, அந்த வீட்டில் அது ஒரு வழக்காகவே நடந்தது. கடைசியில் பெண்ணே ஜெயித்தார்.

நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் வெடித்தது அதைவிடப் பெரிய சண்டை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை என்பது மானமுள்ள குடும்பத்துப் பெண் போகக்கூடாத இடம் என்று கருதப்பட்டது. நல்ல வரன் வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். 1851-இல் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில் மூன்று மாதம் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டனில் நோயுற்ற சீமாட்டிகளுக்கான ஒரு சிறு விடுதியை நிர்வகிக்கும் பொறுப்பு கிடைத்தது. தகப்பனார் மனம் இளகி, ஆண்டுக்கு 500 பவுன் செலவுக்குக் கொடுத்தார்.

ஸ்குட்டாரி

1854-இல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ரஷ்யாவோடு போரில் இறங்கின. கருங்கடலில் உள்ள கிரிமியா தீபகற்பத்தில் சண்டை. காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் கப்பலில் ஏற்றி, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்குட்டாரிக்கு அனுப்பினார்கள். அங்கே துருக்கியரின் பெரிய பட்டாளக் கட்டடம் ஒன்று ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. அங்கு நடக்கும் அலங்கோலத்தை லண்டன் பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் கொதித்தார்கள். ராணுவ இலாகா மந்திரி சிட்னி ஹெர்பர்ட் அம்மையாருக்குத் தெரிந்தவர். அவர் கேட்டுக்கொள்ள, 38 நர்ஸுகளுடன் அக்டோபர் 21-ந் தேதி புறப்பட்டு நவம்பர் முதல் வாரத்தில் ஸ்குட்டாரி போய்ச் சேர்ந்தார்.

அங்கே படுக்கை இல்லை, துணி இல்லை, சோப்பு இல்லை. கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக்கொண்டு நின்றது. தன் கைப்பணத்தையும் பத்திரிகை நிதியையும் கொண்டு துணி, பாத்திரம், உணவு எல்லாம் வாங்கிப் போட்டார். சலவைக்கு ஏற்பாடு செய்தார். சமையலறையை ஒழுங்கு செய்தார். ராத்திரியில் விளக்கோடு சுற்றி வந்தார். பத்திரிகைகள் அவரைத் தேவதையாக்கின.

ஆனால் சாவு குறையவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மேலும் ஏறியது. 1855 பிப்ரவரியில் ஸ்குட்டாரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தார்கள் என்பது பின்னால் அவரே வெளியிட்ட கணக்கு. குண்டடி பட்டு இறந்தவர்கள் அதில் சிறு பங்கு. மற்றவர்கள் காலராவிலும் சீதபேதியிலும் ஜுரத்திலும் போனார்கள்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் கமிஷன் வந்தது. டாக்டர் ஜான் சதர்லாண்ட், என்ஜினீயர் ராபர்ட் ராலின்சன் முதலியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் மருந்து எதுவும் கொண்டுவரவில்லை. சாக்கடையைத் தோண்டிக் கழுவினார்கள். குடிதண்ணீர் வரும் வாய்க்காலில் செத்த குதிரை ஒன்று கிடந்ததை எடுத்துப் போட்டார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 42 என்பது 2 அளவுக்கு இறங்கியிருந்தது.

இந்த இறக்கத்தின் பொருள் அம்மையாருக்கு அப்போதே முழுமையாக விளங்கியதா என்பதில் சரித்திர ஆசிரியர்கள் வேறுபடுகிறார்கள். பட்டினியாலும் களைப்பாலும் கெட்டுப்போன நிலையில்தான் சிப்பாய்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அதனால் செத்தார்கள் என்றே அவர் அங்கிருந்தபோது நம்பினார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஊர் திரும்பி ஏடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோதுதான், தான் பாடுபட்ட அதே கட்டடம் சாவுக்கு ஒரு காரணமாக இருந்தது என்பது தெரிந்தது என்கிறார்கள். அப்படியானால், தேசமே கும்பிட்ட ஒரு பெண்மணிக்கு அது எப்படிப்பட்ட அடியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மூடி மறைத்திருக்கலாம். கேட்பார் யாரும் இல்லை. அவர் மறைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தையே படத்தின் நடுவில் போட்டார்.

நீலம், சிவப்பு, கறுப்பு

1856 ஆகஸ்டில் வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே மகாராணி விக்டோரியாவைச் சந்தித்து, ராணுவச் சுகாதாரம் பற்றி விசாரிக்க ராயல் கமிஷன் ஒன்று வேண்டும் என்று கேட்டார். 1857-இல் சிட்னி ஹெர்பர்ட் தலைமையில் கமிஷன் அமைந்தது. பெண் என்பதால் அம்மையார் அதில் அங்கத்தினராக முடியாது. ஆனாலும் அதற்கு வேண்டிய தாள்களில் பெரும்பகுதி அவர் அறையிலிருந்தே போயிற்று.

அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் பார் என்ற டாக்டர். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் நாடு முழுதும் வரும் சாவுக் கணக்கைத் தொகுப்பவர். புள்ளிவிவரம் என்பது வறட்டுத் தாளாக இருப்பதே அதற்கு அழகு என்பது அவர் கட்சி. அம்மையார் அதை ஒப்பவில்லை. மந்திரியும் மகாராணியும் எண் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள், படம் இருந்தால் ஒரு தடவையாவது புரட்டுவார்கள் என்பது அவர் கணிப்பு. ஆபீசில் மாதாமாதம் ஸ்டேட்மெண்ட் தயாரித்து மேலே அனுப்புகிற நமக்கு இதில் ஒளிமறைவு எதுவும் இல்லை. அந்த ஸ்டேட்மெண்டை யார் எவ்வளவு படிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்!

1858-இல் அந்தப் படம் வெளிவந்தது. பூ விரிந்தது போல இரண்டு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பன்னிரண்டு இதழ்கள், மாதத்துக்கு ஒன்று. வலது பக்கத்துப் பூ 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. இடது பக்கத்துப் பூ அடுத்த பன்னிரண்டு மாதம். தடுத்திருக்கக்கூடிய நோய்களில் செத்தவர்களுக்கு நீலம், காயத்தில் செத்தவர்களுக்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. மூன்றையுமே வட்டத்தின் மையத்திலிருந்து அளக்க வேண்டும் என்று படத்தின் ஓரத்திலேயே குறிப்பு எழுதியிருக்கிறார்.

வலது பக்கத்துப் பூவில் நீலம் எங்கும் பரந்து கிடக்கிறது. சிவப்பு நடுவில் ஒரு சிறு பொட்டு போல. இடது பக்கத்துப் பூ சுருங்கிப்போய் நிற்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட, சிப்பாயைக் கொன்றது ரஷ்யன் இல்லை என்று அந்தப் படம் சொல்லும்.

எண்ணாகப் பார்த்தால் இப்படி. மிக மோசமான மாதம் 1855 ஜனவரி. படையின் பலம் அப்போது 32,393 பேர். அந்த ஒரு மாதத்தில் நோயில் இறந்தவர் 2,761. காயத்தில் இறந்தவர் 83. மற்றக் காரணம் 324. அதே வேகத்தில் பன்னிரண்டு மாதம் நடந்தால், ஆயிரம் பேர் கொண்ட படைக்கு ஆண்டுக்கு 1,022 சாவு, அதாவது நோய் மட்டுமே ஒருவரையும் மிச்சம் வைக்காது. 1856 மார்ச்சில் படை பெரிதாகி 46,140 பேர் ஆகியிருந்தது. அந்த மாதம் நோயில் இறந்தவர் 15 பேர். இரண்டு ஆண்டையும் கூட்டினால் நோயில் போனவர் 14,000-க்கு மேல். காயத்தோடு வந்து இறந்தவர் 2,000-க்கும் குறைவு.

ஒரு திருத்தச் சீட்டு

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறொன்று. முதலில் அவர் வரைந்தது இதே மாதிரியான, ஆனால் சற்று வேறான ஒரு படம். மையத்திலிருந்து கோடு இழுத்து, கோட்டின் நீளத்தையே சாவின் அளவாக வைத்து, நுனிகளைச் சேர்த்திருந்தார். பார்க்க வௌவால் சிறகு போல இருக்கும். அதில் ஒரு கோளாறு. கண் கோட்டின் நீளத்தைப் பார்ப்பதில்லை, வர்ணம் பூசிய இடத்தைப் பார்க்கிறது. தோசை வார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். தோசையின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் மாவு இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். அதே போல இரண்டு மடங்கு சாவு அந்தப் படத்தில் நான்கு மடங்காகத் தெரிந்தது.

அவர் வாதத்துக்கு அது சாதகமான பிழை. பெரிதாகத் தெரிந்தால் அவருக்கு லாபம்தானே? ஆனால் புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒன்றைச் செருகி விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு வந்த படங்களில் கோட்டின் நீளத்தை விட்டுவிட்டு, இதழின் பரப்பையே அளவாக வைத்தார்.

ராணுவத்துக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் இல்லை இது. இன்று ஒரு புது மருந்து கடைக்கு வருமுன் பல நூறு, பல ஆயிரம் பேருக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை அல்லது பழைய மருந்து. யாருக்கு வாந்தி வந்தது, யாருக்கு ஈரல் கெட்டது, யார் இறந்தார் என்று பக்கம் பக்கமாக அட்டவணை சேரும். அந்த அட்டவணைக்குள் ஆபத்து ஒளிந்துகொண்டால் டாக்டர்கள் கண்ணுக்கே படாமல் போகலாம். அதனால்தான் பக்க விளைவுகளைப் படமாகப் போட வேண்டும் என்கிறார்கள். போடும்போது எழுகிற கேள்விகள் அம்மையார் கேட்டவையே. எத்தனை பேரில் இத்தனை பேர்? எவ்வளவு காலத்தில்? எந்தக் காரணத்தால்? மருந்து சாப்பிடாதவர்களில் எவ்வளவு? வெறும் ஐந்து பேருக்குக் கெடுதல் என்றால் ஒன்றும் விளங்காது. ஐம்பது பேரில் ஐந்தா, ஐயாயிரம் பேரில் ஐந்தா என்று தெரிய வேண்டும். படத்தின் அடிக்கோட்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் நடுவில் வெட்டி வரைந்தால் சிறு வித்தியாசம் மலையாகத் தெரியும். அளவுகோலை நீட்டினால் மலை மடுவாகிவிடும்.

மருந்து சாப்பிடாதவரோடு ஒப்பிடுவது போன்ற ஒரு படத்தையும் அம்மையார் வரைந்தார். போரே இல்லாத காலத்தில், சொந்த நாட்டில் பட்டாளக் கட்டடங்களில் இருந்த சிப்பாய்களையும், அதே வயதுச் சாதாரண ஆண்களையும் பக்கத்துப் பக்கத்தில் பட்டைகளாகப் போட்டார். 20 முதல் 25 வயது வரை உள்ள இங்கிலாந்து ஆண்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தார்கள். சிப்பாய்களில் 17. உடம்பைச் சோதித்துப் பொறுக்கி எடுத்த வாலிபர்கள், வெளியில் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்கு சாகிறார்கள்! என்னைக் கேட்டால் பூப் படத்தைவிட இந்தப் பட்டைப் படமே மேல். பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு இதழையும் இன்னொரு இதழையும் ஒப்பிட்டு எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வது லேசில்லை. பட்டைக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ரயில்வேக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கண்ட்ரோல் ஆபீசில் ஒரு பக்கம் ஸ்டேஷன்களும் இன்னொரு பக்கம் மணியும் போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு இழுப்பார்கள். முன்பு பென்சில், இப்போது கம்ப்யூட்டரே இழுத்துவிடுகிறது. கோடு படுத்துக்கொண்டால் வண்டி நின்றுவிட்டது என்று தெரியும். ஏன் நின்றது என்று கோடு சொல்லாது. அதற்கு டிரைவரைத்தான் கேட்க வேண்டும். அம்மையாரின் படமும் அப்படியே. 1855 மார்ச்சுக்குப் பிறகு சாவு விழுந்தது என்பது படம். சாக்கடை கழுவியதால் விழுந்தது என்பது அவர் வாதம். அதே மாதங்களில் பலாக்லாவா துறைமுகத்திலிருந்து படை முகாம் வரை ஒரு ரயில் பாதையும் போட்டுவிட்டார்கள். அதுவரை சேற்றில் சிக்கிக் கிடந்த சாமான்கள் மேலே போயின. குளிரும் குறைந்தது. இவற்றின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பூ பிரித்துக் காட்டாது. ஆனாலும் ஸ்குட்டாரி ஆஸ்பத்திரிக்குள் விழுந்த வேகத்தைப் பார்த்தால், சாக்கடை பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே படுகிறது.

1858-இல் லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கத்தில் முதல் பெண் அவர்தான். பட்டாளக் கட்டடங்களில் காற்றோட்டம், குழாய், சாக்கடை எல்லாம் சீர் செய்யப்பட்டன. ராணுவ டாக்டர்களுக்குத் தனிப் பள்ளி வந்தது. 1860-இல் ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த நிதியைக் கொண்டு செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸுப் பயிற்சிப் பள்ளி திறந்தார். அதே ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டில், எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் நோயையும் சாவையும் பதிய வேண்டும் என்ற யோசனையை வைத்தார். ஆளுக்கொரு விதமாக எழுதினால் எதை எதோடு ஒப்பிடுவது?

பார்க்காத இந்தியா

1859-இல் இந்தியாவில் இருந்த பட்டாளத்தின் சுகாதாரம் பற்றி இன்னொரு ராயல் கமிஷன் அமைந்தது. அம்மையார் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கிரிமியாவில் வந்த ஜுரம் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருந்தது. படுத்தபடியே கேள்விப் படிவம் தயாரித்து இந்தியாவில் உள்ள ஒவ்வொரு ராணுவ ஸ்டேஷனுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது, ஒரு அறையில் எத்தனை பேர் என்றெல்லாம் கேள்விகள். பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. 1863-இல் அறிக்கை வெளிவந்தது. இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று அது சொன்னது. இரண்டாயிரம் பக்கத்தை யார் படிப்பார்கள் என்று, அம்மையார் தமது குறிப்புகளைப் படங்களோடு தனியாகவும் அச்சிட்டு அனுப்பினார்.

1864-இல் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று இடத்திலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பத்தாண்டுக்குப் பிறகு, 1873-இல், 69 என்பது 18 ஆகக் குறைந்திருந்ததாக அவர் கணக்குக் காட்டினார். சென்னை கவர்னராக வந்த நேப்பியர் பிரபு, கிரிமியா யுத்த காலத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் தூதரகத்தில் வேலை பார்த்தவர். அப்போதே அம்மையாரைத் தெரிந்தவர். சென்னை மாகாணச் சுகாதாரம் பற்றி இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. கடற்கரைப் பக்கம் கூவத்தின் மேல் நாம் கடந்து போகிற நேப்பியர் பாலத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவரே.

போகப் போக அவருடைய கவனம் பட்டாளத்திலிருந்து கிராமத்துக்குத் திரும்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய்ப் பகுதியையும் வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் ஜனங்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். வெட்டிய கால்வாய் போதாது என்று லண்டனில் குரல் எழுப்பியவர்களில் அம்மையாரும் ஒருவர். காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை வேலை செய்த ஆர்தர் காட்டன் துரையின் கட்சியை ஆதரித்து எழுதினார். குடியானவன் கடன், ஜமீன் கெடுபிடி, நிலவரி என்று எழுதிக்கொண்டே போனார். இந்தியா ஆபீஸ்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டாளத்தில் பலித்தது போல இங்கே பலிக்கவும் இல்லை.

சிட்னி ஹெர்பர்ட் 1861-லேயே காலமாகிவிட்டார். வில்லியம் பாரும் 1883-இல் போய்விட்டார். அம்மையார் மட்டும் லண்டனில் சவுத் தெரு வீட்டின் மாடி அறையில், நோயாளியாகவே, நெடுங்காலம் இருந்தார். கடைசி வருஷங்களில் கண் பார்வை போயிற்று. படிக்க எழுத முடியவில்லை. 1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் விருது அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

1910 ஆகஸ்ட் 13-ந் தேதி தமது 90-வது வயதில் காலமானார். அரசர்களையும் மேதைகளையும் அடக்கம் செய்கிற வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றுவிட்டார்கள். எம்ப்ளி வீட்டுக்குப் பக்கத்தில் ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூர்ச் சர்ச்சில், பெற்றோர் அருகில் அடக்கம். பட்டாளத்து சார்ஜென்டுகள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும் பொறித்திருக்கிறது.